பின்கதவுக்கு ஒரு திறாங்கு

பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இரவில் தலையணைக்குக் கீழே கொடுவாக்கத்தி வைத்துக்கொண்டு படுக்கிறான் என்பதை அவனுடைய அம்மம்மாதான் முதலில் என்னிடம் சொன்னார். பாடசாலைப் படலைக்கு வெளியே, சேலைத் தலைப்பை வெயிலுக்கு முக்காடாக இழுத்துவிட்டபடி நின்றவர், தெரிந்த முகம் ஏதும் நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "டீச்சர், நான் சொன்னனெண்டு பெடியனுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். அவர் சொல்லி முடித்ததும் நான் கேட்டது, "யாரை வெட்டவாம் வச்சிருக்கிறான்?" என்பது. அந்தக் கேள்வியை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு மனம் குறுகுகிறது.

நான் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் உள்ள பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். பாடவேளைகளுக்கு நடுவே ஆலோசனை வழிகாட்டல் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. இந்தப் பையனும் அவனுடைய அம்மாவும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மனவடுப்பட்ட வளரிளம் பிள்ளை தேறி வருவதற்கு வைத்தியசாலையும் வேண்டும், ஊரும் வேண்டும் என்று பயிற்சிப் பட்டறைகளில் எனக்குப் பலர் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்த இரண்டும் எங்கே வந்து தொடுகின்றன என்பதை நான் கண்டது அந்த வீட்டின் பின்கதவில்தான்.

நடந்தது, பத்திரிகையில் சில வரிகளில் வந்து மறைந்துபோன ஒரு சம்பவம். மோட்டார் சைக்கிள்களில் வந்த சிலர் இரவு எட்டரை மணியளவில் பின்பக்கத்தால் வீட்டுக்குள் புகுந்து, தளபாடங்களை அடித்து நொருக்கி, மறிக்கப்போன தகப்பனுடைய வலது கையில் வாளால் வெட்டிவிட்டுப் போனார்கள். ஆள் மாறி நடந்த வேலை என்று பிறகு ஊரில் சொன்னார்கள். வாள்வெட்டு என்ற சொல் செய்திகளில் அடிக்கடி வந்து யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பழகிவிட்டது. காயப்பட்டவரின் வயது வரும், ஊர் வரும், ஆனால் அந்த வீட்டுக் கட்டிலுக்குக் கீழே கிடந்த பிள்ளைகளைப் பற்றி எதுவும் வராது. இவன் அன்றைக்குத் தன்னுடைய ஆறு வயதுத் தங்கையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே புகுந்து, அவள் கத்திவிடாமல் வாயைப் பொத்திப் பிடித்திருக்கிறான். பிடித்த பிடியில் அடுத்த நாள் அவளுடைய கன்னத்தில் அவனுடைய விரல் அடையாளம் கண்டிப்போய் இருந்ததாம். தகப்பனின் கையைவிட அந்த அடையாளம்தான் அவனை நெடுநாள் வருத்தியது என்பது மாதக்கணக்கில் கழித்தே எங்களுக்குத் தெரியவந்தது.

பாடசாலையில் நாங்கள் கண்ட பிள்ளை வேறு. முதலாம் பாடவேளையிலேயே மேசையில் தலையைச் சாய்த்து நித்திரை கொண்டான். பின்னாலிருந்து தோளில் கை வைத்த வகுப்புத் தோழனைத் திரும்பிப் பார்க்காமலே முழங்கையால் இடித்து, அவனுக்கு மூக்கால் இரத்தம் வந்தது. கணக்கில் நல்ல புள்ளி எடுத்துக்கொண்டிருந்தவன் விடைத்தாளை வெறுமையாகக் கொடுத்தான். தலையிடி, நெஞ்சு இறுக்குது, மூச்சு முட்டுது என்று கிழமைக்கு இரண்டு முறை வீட்டுக்குப் போகக் கேட்டான். ஆசிரியர் கூட்டத்தில் அவனைப் பற்றிய பேச்சு வந்தபோது "திமிர்", "சாட்டு", "கூட்டாளிகள் சரியில்லை" என்ற சொற்களே மேசையில் விழுந்தன. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். அப்போது எதிர்த்து எதுவும் சொல்லவில்லை.

ஆபத்து வரும்போது உடம்பை ஒரு நொடியில் உசார்ப்படுத்துவதற்கு மூளைக்குள் அமிக்டலா என்ற சிறிய பகுதி இருக்கிறது. ஒருமுறை உயிர் போகும் அளவுக்குப் பயந்தவரிடம் அது ஆபத்து நீங்கிய பிறகும் காவல் நின்றுகொண்டே இருக்கும். மோட்டார் சைக்கிளின் சைலன்சர் சத்தம் ஒழுங்கையால் போனாலே அன்றைய இரவு திரும்பி வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும். நின்று நிதானித்து, "இது பால்காரர்" என்று அதை அடக்க வேண்டிய முன்மூளைப் பகுதியோ இருபது வயது தாண்டியும் முதிர்ந்துகொண்டிருப்பது. ஆகவே வளரிளம் பருவத்தில் மனவடு ஏற்படும்போது பயம் அழுகையாக வெளியே வருவது குறைவு. அடிதடியாகவும் சலிப்பாகவும் தலையிடியாகவும்தான் அதிகம் வருகிறது. எங்கள் சனம் மனத்தின் வருத்தத்தை உடம்பின் மொழியில் சொல்லிப் பழகிய சனம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், இங்கே பெருமூச்சே துயரத்தின் ஒரு மொழியாக இருப்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார். மூச்சு முட்டுது என்று அந்தப் பையன் சொன்னது சாட்டு அல்ல, அவனிடம் இருந்த ஒரேயொரு வாக்குமூலம்.

அம்மம்மா வந்து போனதற்கு அடுத்த நாள் நான் அவனை ஆலோசனை அறைக்குக் கூப்பிட்டேன். வெளியே சத்தம் என்பதால் கதவைச் சாத்தினேன். கதவுக்கு முதுகு காட்டும் கதிரையில் அவனை இருத்தினேன். "பயப்படாம முதல்ல இருந்து எல்லாத்தையும் சொல்லுங்கோ தம்பி, சொன்னால் பாரம் குறையும்" என்றேன். அவன் மேலே மின்விசிறியைப் பார்த்தான். மேலுதட்டில் வியர்வை அரும்பியது. கதவை இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். பிறகு எழும்பி, ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியே போய், தண்ணீர்க் குழாயடியில் சத்தி எடுத்தான். அதற்குப் பிறகு மூன்று கிழமை அவன் பாடசாலைக்கு வரவில்லை.

உளவளத்துணைப் பயிற்சி முடித்த சான்றிதழ் வைத்திருப்பவள் நான். அப்படியிருந்தும், நடந்ததைச் சொல்லவைத்துவிட்டால் சுகம் வந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்குள்ளே ஊறியிருந்தது. அது எனக்கு மட்டும் உள்ள நம்பிக்கையும் அல்ல. 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பிறகு எங்கள் கரையோர முகாம்களுக்கு வந்த பலர், ஒரே இருப்பில் பிள்ளைகளைச் சொல்லவைத்து, அழவைத்து, படம் வரையவைத்துவிட்டு அடுத்த முகாமுக்குப் போனார்கள். அனர்த்தம் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறையைச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதனால் பயன் இல்லை, சிலருக்குத் தீங்கும் உண்டு. உளவியல் முதலுதவி என்று இப்போது கற்பிக்கப்படுவது வேறு: பாதுகாப்பாக இருக்கிறாரா என்று பார், சொல்ல விரும்பினால் கேள், தேவையான உதவியோடு தொடுத்துவிடு. தோண்டாதே.

1995 ஒக்டோபர் 30 இரவு எனக்குப் பதின்மூன்று வயது. போர் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த அந்த மழை இரவில், செம்மணி வெளிக்கும் நாவற்குழிப் பாலத்துக்கும் இடையில், என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த தம்பியை நான் சனத்துக்குள் தவறவிட்டேன். ஒரு மணித்தியாலத்துக்குள் கிடைத்துவிட்டான். ஆனால் அந்த ஒரு மணித்தியாலம் என்னிடமிருந்து போகவில்லை. சாவகச்சேரியில் நாங்கள் ஒதுங்கியிருந்த வீட்டில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. இடம்பெயர்ந்து வந்த பாடசாலைகள் அங்கிருந்த பாடசாலைகளில் பின்னேர நேரமாக இயங்கத் தொடங்கியபோது, ஒரு டீச்சர் முதல் நாள் வந்து எங்கள் பெயர்களை இடாப்பில் புதிதாக எழுதினார். ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்கு அந்தப் பெயர்களைக் கூப்பிட்டார். வராத பிள்ளையை அடுத்த நாள் வீடு தேடிப் போனார். என் தம்பியின் கதையை அவரிடம் நான் சொன்னது அடுத்த ஆண்டில். இத்தனையும் தெரிந்திருந்த நான், அந்தப் பையனிடம் முதல் நாளிலேயே முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு அவனுடைய தலையிடிதான் எங்களுக்கு வழி காட்டியது. தலையிடிக்கு மருந்து எடுக்க அம்மா அவனை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார். வெளிநோயாளர் பிரிவில் இருந்த இளம் வைத்தியர் குளிசை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாமல், "ராவில எத்தனை மணிக்கு நித்திரை?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு அம்மா அழுததைப் பார்த்துவிட்டு உளநலப் பிரிவுக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். எங்கள் நாட்டில் அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்குக் காசு இல்லை என்பதும், யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ளேயே உளநல வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்பதும் சிறிய விடயங்கள் அல்ல. ஆனால் அந்தத் துண்டோடு எத்தனை பேர் அடுத்த கட்டடம் வரை நடந்து போகிறார்கள் என்பதுதான் கேள்வி. அந்த அம்மா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் என்னையும் வரச் சொல்லிக் கேட்டார். அரைநாள் விடுமுறை போட்டுவிட்டுப் போனேன்.

உளநல வைத்தியர் அவனை இருத்திய கதிரையிலிருந்து பார்த்தால் கதவு தெரிந்தது. அதை நான் உடனே கவனித்தேன். நடந்ததைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நித்திரை, சாப்பாடு, படிப்பு என்று விசாரித்துக்கொண்டு வந்தவர், இடையில் அம்மாவையும் அம்மம்மாவையும் என்னையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவனிடம் மட்டும், செத்துப்போக வேண்டும் போல எப்போதாவது நினைப்பு வந்ததா, யாருக்காவது ஏதும் செய்ய வேண்டும் போல இருந்ததா என்று நேரடியாகக் கேட்டதாகப் பிறகு அவனே சொன்னான். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடும் என்று எங்களில் பலர் பயப்படுகிறோம்; கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை, இருப்பதைச் சொல்ல வழி திறக்கிறது என்பதே ஆய்வுகள் சொல்வது. அம்மம்மா நித்திரைக் குளிசை தரும்படி மன்றாடினார். பிள்ளைகளின் மனவடுவுக்கு அந்த வகைக் குளிசைகள் மருந்தல்ல என்று வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். 2013இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலும், சம்பவம் நடந்த முதல் மாதத்தில் பென்சோடயசெப்பின் வகை நித்திரை மருந்துகளைப் பிள்ளைகளுக்கோ பெரியவர்களுக்கோ கொடுக்க வேண்டாம் என்று சொல்கிறது. தெரிந்த பாமசியில் கேட்டு வாங்கி, "ரெண்டு நாளைக்குப் போடு, சரிவரும்" என்று பிள்ளைக்குக் கொடுக்கிற வீடுகள் எங்கள் ஊரில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கடைசியாக வைத்தியர் அம்மாவைப் பார்த்து, "வீட்டுக் கதவு எல்லாம் ஒழுங்காப் பூட்டுமோ?" என்று கேட்டார்.

பின்கதவு பூட்டாது. அதற்கு உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள், எங்கள் பேச்சில் திறாங்கு, இல்லை. சம்பவத்துக்கு முன்பும் கயிற்றால்தான் கட்டியிருந்தது; பிறகும் அதே கயிறு. மேசனாக வேலை செய்த தகப்பனின் வலது கையில் இன்னும் பிடி வரவில்லை, வீட்டில் வருமானம் இல்லை, கதவைப் பற்றி யோசிக்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. அந்த வீட்டில் ஒவ்வொரு இரவும் அந்தக் கயிற்றைக் காவல் காத்தது பதினைந்து வயதுப் பிள்ளை. கத்தி யாரை வெட்ட என்று நான் கேட்டிருந்தேன். அவன் அதைத் திறாங்குக்குப் பதிலாக வைத்திருந்தான்.

ஒழுங்கையில் இருந்த தச்சு வேலை செய்யும் மாமா ஒருவர், சம்பளம் வேண்டாம், சாமான் மட்டும் வாங்கித் தாருங்கள் என்று சொல்லி ஒரு சனிக்கிழமை வந்தார். பலகை சீவி, நிலையை இறுக்கி, மேலும் கீழுமாக இரண்டு திறாங்கு போட்டார். ஆணியும் சுத்தியலும் எடுத்துக் கொடுக்கப் பையனைக் கூப்பிட்டார். கடைசி ஸ்குரூவை அவனையே முறுக்கவிட்டார். போட்டு முடிந்ததும் அவனை உள்ளே நின்று திறாங்கு போடச் சொல்லிவிட்டு, தான் வெளியே நின்று தோளால் தள்ளிப் பார்த்தார். "இன்னொருக்காத் தள்ளுங்கோ மாமா" என்று அவன் உள்ளேயிருந்து சொன்னானாம். அவர் ஐந்தாறு முறை தள்ளினார். அன்றிரவு கத்தி தலையணைக்குக் கீழேயிருந்து கட்டிலுக்குக் கீழே போனது. இரண்டு கிழமையில் அவனே அதை அம்மம்மாவிடம் கொடுத்தான். அவர் துணியில் சுற்றித் தன்னுடைய பெட்டிக்குள் வைத்தார். பறித்தெடுத்திருந்தால் அவன் வேறொன்றைத் தேடியிருப்பான் என்பதை அந்த முதியவர் எந்தப் பயிற்சியும் இல்லாமல் அறிந்திருந்தார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் மட்டும் குறையவில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவன் பாடசாலைக்கு வராமல் இருந்ததை இடாப்பைப் புரட்டியபோது கண்டேன். செவ்வாய்க்கிழமை நுண்கடன் கட்டுப்பணம் வாங்க ஆள் வருகிற நாள். காசு இல்லாத நாளில் அந்த மோட்டார் சைக்கிள் இருட்டும்வரை படலையடியில் நிற்கும். அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வர அவனுக்கு மனமில்லை. ஊரின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியிடம் அம்மாவின் சம்மதத்தோடு இதைச் சொன்னேன். அவர் கடன் வாங்கிய எல்லாப் பெண்களையும் கூட்டி, இனிமேல் பணம் சனசமூக நிலையத்தில் பகல் நேரத்தில் மட்டும் கட்டப்படும், வீடுகளுக்கு யாரும் வரக்கூடாது என்று அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்தார். கடன் குறையவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமையில் அந்த இடாப்பில் வருகைப் புள்ளி விழத் தொடங்கியது.

இதை உளநலச் சிகிச்சையோடு சேர்த்துப் பேசலாமா என்று என் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். கட்டாயம் பேச வேண்டும் என்பது என் பதில். 2002இல் வன்னிப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வொன்றில், நூற்றுக்கு 92 பேர் ஷெல்லடி, குண்டுவீச்சு, நெருங்கியவரின் சாவைக் காணுதல் போன்ற ஏதாவதொன்றுக்கு முகங்கொடுத்திருந்தார்கள். ஆனால் மனவடு நோயின் முழு அறிகுறிகளும் இருந்தவர்கள் 25 பேர். அதே கொடுமைக்குள்ளே இருந்தும் மற்றப் பிள்ளைகள் நின்றுபிடித்ததில், பிறகு அவர்களைச் சூழ இருந்தவர்களுக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். 2012இல் வெளியான இன்னோர் ஆய்வு, எங்கள் வடபகுதியில் 399 பிள்ளைகளிடம் ஒரு பாடசாலை உளநலத் திட்டத்தைச் சோதித்தது. பதினைந்து அமர்வுகள் நடந்தன. எல்லோருக்கும் பொதுவாக நன்மை கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் போர் தொடர்பான நெருக்கீடுகள் குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே கூடுதல் பயன் கிடைத்தது, சில பெண் பிள்ளைகளிடம் எதிர்பார்த்ததற்கு மாறான முடிவும் வந்தது. இதைப் படித்தபோது எனக்கு மனம் சோரவில்லை. என் கண்ணால் கண்டதற்கு ஆதாரம் கிடைத்தது போலிருந்தது. படலையடியில் கடன்காரர் நிற்க, அறைக்குள் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுகிற வேலை.

ஊரைப் பற்றி நல்லதையே எழுதிக்கொண்டு போனால் பொய்யாகிவிடும். கிளினிக் நாளில் வரிசையில் அவனையும் அம்மாவையும் கண்ட ஒருவர், ஊருக்குத் திரும்பி வந்த பஸ்ஸிலேயே அதைச் சொல்லத் தொடங்கிவிட்டார். அடுத்த நாள் வகுப்பில் மூன்று பெடியன்கள் அவனை "அங்கொடை" என்று கூப்பிட்டார்கள். கொழும்புப் பக்கம் உள்ள அந்த ஊரில் தேசிய உளநல நிறுவகம் இருப்பதால், எங்கள் தாத்தாமார் காலத்திலிருந்தே அந்தப் பெயர் வசையாகிவிட்டது. (இரவு பகலாக எவரும் இலவசமாக அழைத்துக் கதைக்கக்கூடிய 1926 என்ற உளநல உதவி இலக்கம் அதே நிறுவகத்தினுடையது என்பதை அந்த மூன்று பேருக்கும் பிறகு சொன்னேன்.) ஒன்றுகூடலில் எல்லோர் முன்னாலும் கண்டித்தால் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும் என்பதால், மூவரையும் தனித்தனியே கூப்பிட்டுக் கதைத்தேன். ஒருவன் அழுதான், அவனுடைய வீட்டிலும் ஒருவர் மருந்து எடுக்கிறார்.

எனக்கு இந்த வேலையில் மிகவும் பயமூட்டுவது இந்த ஊர் வாய்தான். "நாலு சனம் என்ன சொல்லும்", "நாளைக்குக் குமர்ப்பிள்ளைக்குக் கலியாணம் பேச வேண்டாமோ" என்ற இரண்டு வசனங்களால் சிகிச்சைக்கே போகாமல் வீட்டுக்குள் அடைபட்டுப்போன பெண் பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களில் ஒருத்தியின் கதையைக்கூட நான் எழுதமாட்டேன்; எவ்வளவு மாற்றி எழுதினாலும் இந்தச் சிறிய குடாநாட்டில் யாரோ ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். ஊரிடம் நான் கேட்பது பெரிய உதவியல்ல: விசாரிக்காமல் பக்கத்தில் இருங்கள். "என்ன நடந்தது பிள்ளை" என்று கேட்பதற்குப் பதிலாக "சாப்பிட்டியோ" என்று கேளுங்கள். தச்சு மாமா அன்றைக்கு அந்த வீட்டில் எட்டு மணித்தியாலம் நின்றார். சம்பவத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட நேரம் அவனுக்கு மிகக் கடினமாக இருந்தது. ஊர் விளையாட்டுக் கழகத்தில் கரப்பந்தாட்டம் ஆடும் அண்ணா ஒருவரிடம் அந்த நேரத்தை ஒப்படைத்தோம். அவர் அவனை உடனே அணிக்குள் தள்ளவில்லை. முதலில் பந்துக்குக் காற்று அடிக்கவிட்டார், பிறகு வெளியே போகும் பந்தை எடுத்து வரவிட்டார், ஒரு மாதம் கழித்து சேர்விஸ் போடவிட்டார். விளையாட்டு முடிந்ததும் ஒவ்வொரு நாளும் வீட்டுப் படலைவரை கொண்டுவந்து விட்டார். அதுவும் மோட்டார் சைக்கிளில். முதல் நாள் ஏற மறுத்து நடந்தே வந்தவன், சில நாட்களில் பின்னால் ஏறினான். பயந்த சத்தத்துக்கு மேலேயே ஏறி இருந்து வீட்டுக்கு வந்ததை உளநல வைத்தியரிடம் சொன்னபோது அவர் சிரித்து, நான் செய்ய நினைத்திருந்ததை அவர் செய்துவிட்டார் என்றார்.

அம்மம்மா கோவிலில் நூல் மந்திரித்துக் கட்டிவிட்டார். அதைக் கழற்றச் சொல்லும்படி ஒருவர் என்னிடம் ஆலோசனை சொன்னார், நான் மறுத்துவிட்டேன். சிகிச்சையைத் தடுக்காத, பிள்ளையை நோகடிக்காத எந்த வழக்கமும் எனக்குப் பகை அல்ல. பேய் பிடித்தது என்று சொல்லி அடிக்கிற இடம் என்றால் நானே போய் மறிப்பேன். பெயர் ஓதி மூச்சைச் சீர்ப்படுத்தும் வழக்கத்தை, சைவப் பிள்ளைக்கு ஓம் என்றும் கிறிஸ்தவப் பிள்ளைக்கு இயேசுவின் பெயராகவும் முஸ்லிம் பிள்ளைக்குத் திக்ராகவும் அவரவர்க்குப் பழகிய வடிவிலேயே தளர்வுப் பயிற்சியாகக் கொடுக்கலாம் என்று பேராசிரியர் சோமசுந்தரம் எழுதியதுடன் தன் சிகிச்சையிலும் அதைக் கையாண்டவர். 2005இல் வடகிழக்கின் முகாமொன்றில், போரையும் கடற்கோளையும் கண்ட 31 பிள்ளைகளுக்கு உள்ளூர் உளவளத்துணையாளர்கள் இரண்டு முறைகளில் ஆறு ஆறு அமர்வுகள் நடத்தினார்கள்: ஒரு பகுதியினருக்கு வாழ்க்கைக் கதையை ஒழுங்குபடுத்திச் சொல்லும் முறை, மற்றப் பகுதியினருக்குத் தியானமும் தளர்வும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பகுதியில் நூற்றுக்கு 81 பேரும் இரண்டாம் பகுதியில் 71 பேரும் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் எங்கள் மண்ணில், எங்கள் ஆட்களின் கையால் நடந்தது.

வாழ்க்கைக் கதை சொல்லும் அந்த முறைக்கு அவன் ஐந்தாம் மாதம்தான் ஆயத்தமானான். சொல்லவேண்டிய நேரத்தை அவனே தீர்மானித்தான். அதைப் பற்றி அவன் எனக்குக் காட்டிய விதத்தை மறக்க முடியாது. ஆலோசனை அறைக்கு வந்து, கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு, கதவு தெரிகிற கதிரையில் இருந்து, சப்பாத்து நூல் ஒன்றைக் கழற்றி என் மேசையில் நீட்டி வைத்தான். "இதுதான் டீச்சர், பிறந்ததில இருந்து இண்டைக்கு மட்டும். அங்க பெரிய கயிறு. நல்லது நடந்த இடத்தில பூ, கெட்டது நடந்த இடத்தில கல்லு." பூ எங்கெங்கே வைத்தான் என்று கேட்டேன். தங்கை பிறந்த நாள், கணக்கில் முதலாவதாக வந்த தவணை, அப்பாவோடு கசூரினாக் கடற்கரைக்குப் போனது. கல் எத்தனை என்று நான் கேட்கவில்லை. அவனே மூன்று விரலைக் காட்டினான். பெரிய கல்லை வைத்த இடத்தில் அவன் வைத்தியரிடம் முதன்முதலாகச் சொன்னது தங்கையின் கன்னத்தைப் பற்றித்தான். "நான் அவளைச் சாக்கொல்லப் பார்த்தனோ எண்டு நினைச்சுக்கொண்டே இருந்தன்." நூலின் கடைசிப் பகுதியை அவன் நீட்டாமல் சுருட்டியே வைத்திருந்தான். அது என்ன என்று கேட்டதற்கு, "இனி வாறது. அதை விரிக்கிறேல்லையாம்" என்றான்.

அவனுடைய தகப்பனைப் பற்றி இன்னும் எழுதவில்லை. போர் முடிந்த 2009இல் வன்னியில் அவர் இளைஞன். அங்கே கண்டதை வீட்டில் ஒருபோதும் சொன்னதில்லை. கை வெட்டுப்பட்ட பிறகு குடி கூடியது. குடித்த இரவுகளில் பிள்ளைகள் மீண்டும் கட்டிலுக்குக் கீழே போனார்கள். போரைக் கண்ட குடும்பங்களில், தகப்பனின் குடியும் பிள்ளைகள் வீட்டில் படும் அடியும் சேர்ந்தே வருவதை எங்கள் வடகிழக்குப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வே 2008இல் காட்டியது. இன்றைய வளரிளம் பிள்ளைகள் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள், அவர்களுக்கு என்ன மனவடு என்று கேட்பவர்களுக்கு இந்த வீட்டைத்தான் நான் சொல்வேன். மகனுக்குத் துணையாக வந்த ஒரு கிளினிக் நாளில், வைத்தியர் தகப்பனையும் தனியே கூப்பிட்டுக் கதைத்தார். அவர் மூன்று முறை வந்தார், இரண்டு முறை வரவில்லை, இப்போது மறுபடியும் வருகிறார்.

பாடசாலைகளுக்கு நான் கேட்பவை சில. ஆலோசனை ஆசிரியருக்கு நிறையப் பாடவேளைகளைச் சுமத்தாதீர்கள். பேச்சு வெளியே கேட்காத, ஆனால் உள்ளே அடைபட்ட உணர்வு வராத ஓர் அறை தாருங்கள். பிள்ளையின் வருகைப் புள்ளிகளைப் படியுங்கள். அவை வாய் திறந்து சொல்லாததைச் சொல்கின்றன. சாப்பாடு இறங்காத, சாவைப் பற்றிப் பேசுகிற, தன்னைத் தானே காயப்படுத்துகிற பிள்ளை என்றால் நாள் பார்க்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வீட்டுக்குள்ளேயே ஆபத்து என்றால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம் இருக்கிறது. எந்த நேரத்திலும் எடுக்கலாம். பெரியாஸ்பத்திரிகளில் இருக்கும் நட்பு நிலையம், வீட்டு வன்முறைக்கு ஆளான தாய்மாருக்கானது. தாய்க்குக் கிடைக்கும் பாதுகாப்பு பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

சென்ற வைகாசியில் ஒரு பின்னேரம் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். அவன் தரம் 11. கணக்கு மறுபடி வந்துவிட்டது, வரலாறு வரவில்லை. நித்திரை பெரும்பாலான நாட்களில் சரி. விறாந்தையில் இருக்கும்போது இன்னும் சுவரோடு முதுகை வைத்துத்தான் இருக்கிறான். அம்மம்மா நுங்குக் குலையொன்றை முற்றத்தில் போட்டுவிட்டு, உள்ளே போய்த் தன்னுடைய பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த கொடுவாக்கத்தியை எடுத்து வந்து அவனிடம் கொடுத்தார். "டீச்சருக்குச் சீவிக் குடு." அவன் குந்தியிருந்து சீவத் தொடங்கினான். தங்கை பக்கத்தில் நின்று கண்களை எண்ணினாள். மூன்றாவது நுங்கைச் சீவும்போது ஒழுங்கையால் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு போனது. கத்தி அப்படியே நின்றது. அவன் தலையை நிமிர்த்தவில்லை. மூச்சை ஒருமுறை உள்ளே இழுத்து, மெதுவாக விட்டான். சத்தம் தூரத்தில் தேய்ந்துபோனதும் மிச்சத்தைச் சீவி, பெருவிரலால் கண்ணைக் குத்தி, முதலில் தங்கையிடம் நீட்டினான்.